காதை அடைக்க எது நல்லது என்று கேட்ட மகனுக்கு

சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நீ சுகமாகத்தான் இருக்கிறாய், நேற்றுப் போனில் கேட்ட குரலிலேயே தெரிந்தது. வேலையில் சேர்ந்து ஊரைவிட்டுப் போன பிறகு நீயாக எனக்குப் போட்ட முதல் போன் அது. தலையில் தையல் போட்ட இடம் ஆறிவிட்டதா என்று நான் கேட்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "அப்பா, நல்ல நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் ஒண்ணு சொல்லுப்பா. இயர்போனா இருந்தாலும் பரவால்ல. ரூம்ல அஞ்சு பேரு, ஒருத்தன் மாத்தி ஒருத்தன் பேசிக்கினே கீறான். கம்பெனி பஸ்ல வேற ஒரே எரைச்சல். இறங்குனாலும் காது கொய்யுனு கீது." நான், "அம்மாகிட்ட குடுக்கட்டுமா?" என்றேன். "அப்பறம் பேசறம்ப்பா, ஷிப்டுக்கு டைம் ஆச்சு" என்று வைத்துவிட்டாய். பேசுவது நீ என்று தெரிந்து உன் அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி வாசற்படிக்கு வந்து நின்றிருந்தாள். நான் போனைச் சட்டைப்பையில் போட்டதும் உள்ளே திரும்பிப் போனாள்.

சரி. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்து, இந்த மலையில் இருக்கிற மொபைல் டவர்களில் ஏறி இறங்கிக் காலம் தள்ளுகிறவன் நான். ஒரு கருவியைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம். ஆலங்காயம் பஸ்ஸில் நம்மை அண்ணன் தம்பி என்று நினைத்தவர்கள் உண்டு. அதனால் 'பழைய ஆள், ஹெட்போன் என்றாலே எரிந்து விழுவார்' என்று என்னை ஒதுக்க உனக்கு வழியில்லை. என் கோபம் ஹெட்போன் மேல் இல்லை, உன் மேல். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. நீ உன் அம்மாவைப் பற்றிச் சொன்னதும் நாலு பேர் முன்னால்தான். அதற்கான பதில் மட்டும் ஏன் மூடிய கவரில் வர வேண்டும்?

முதலில் கருவி. கடைக்காரன் அட்டைப்பெட்டியில் மூன்று இங்கிலீஷ் எழுத்துகளைப் பெரிதாகப் போட்டிருப்பான். ஈஎன்சி என்று இருந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. அது நீ பேசும்போது உன்னைச் சுற்றி இருக்கிற சத்தம் எதிர்முனையில் இருப்பவனுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது. உன் காதுக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. ஏஎன்சி என்பதுதான் நீ தேடுவது. வெளிச்சத்தத்தை ஒரு குட்டி மைக் கேட்கும். அந்த அலை மேலே ஏறும்போது கருவி உள்ளே கீழே இறங்குகிற அலையை உண்டாக்கும். இரண்டும் சேர்ந்து தட்டையாகிவிடும். அவ்வளவுதான் வித்தை. ஆனால் இந்த வித்தை பலிப்பது ஒரே சீராக முழங்குகிற அடிச்சத்தத்தில் மட்டும். பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், மின்விசிறி, ஏசி. மனிதன் பேசுவதை அது கொஞ்சம் மங்கலாக்கும், அழிக்காது. திடீரென்று ஒருவன் கத்தினால், கருவி சுதாரிப்பதற்குள் கத்தல் முடிந்திருக்கும். உன் அறையில் அஞ்சு பேர் பேசுவதற்கு எவ்வளவு உசத்தியான ஏஎன்சி வாங்கினாலும் நீ ஏமாந்துதான் போவாய். அதற்கு மருந்துக்கடையில் விற்கிற மெத்தென்ற ஸ்பாஞ்சு அடைப்பானே போதும். உருட்டிக் காதில் வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும். அதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு. "டேய், கொஞ்சம் மெதுவா பேசுங்கடா" என்று வாயைத் திறந்து சொல்வது. அது உனக்கு வராது என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் காதை மூடிக்கொள்வது உன் பழக்கம்.

பஸ்ஸுக்கு ஏஎன்சி சரியான பொருள், அதை மறுக்கவில்லை. எஞ்சின் இரைச்சலை அமுக்கவே நீ பாட்டை முழுசாக ஏற்றி வைக்கிறாய். இறங்கிய பிறகும் காது ரீங்கரிக்கிறது என்றால் அது பஸ்ஸின் வேலை மட்டும் இல்லை, உன் விரலின் வேலையும். இரைச்சல் குறைந்தால் பாதி அளவிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும். ஏஎன்சியால் உண்டான லாபம் அதுதான், அதை விளம்பரத்தில் ஒருவனும் சொல்வதில்லை. அவன் 'இத்தனை டெசிபல் வரை' என்று போடுவான். அந்த 'வரை'யில்தான் மொத்தப் புளுகும் குடியிருக்கிறது. ஏதோ ஒரு சுருதியில், சோதனை அறையில் ஒரு தடவை கிடைத்த அளவு அது. அதை நம்பாதே. ஜன்னலோரம் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துவைத்தால் காற்று மைக்கில் அடித்து, சத்தத்தைக் குறைக்க வந்த கருவியே உறுமும். உள்பக்கமாக உட்கார். காதை முழுக்க மூடுகிற பெரிய ஹெட்போனில் பேட்டரி நெடுநேரம் நிற்கும், தீர்ந்தால் வயரைச் செருகியும் கேட்கலாம். ஆனால் நீ கண்ணாடி போடுகிறவன். கண்ணாடிக் காம்பு மெத்தைக்கு அடியில் போய் இடைவெளி விடும், அதன் வழியாக எஞ்சின் சத்தம் நேராக உள்ளே வரும். போதாததற்கு நீ இப்போது இருக்கிற ஊர் வெயிலில் காதோரம் வேர்த்து ஊற்றும். ஆகவே உனக்கு இயர்போன்தான். அதிலும் பட்டாணி அளவு பேட்டரி ரெண்டு வருஷத்தில் செத்துப்போகும், பிரித்து மாற்ற முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்கு.

இப்போது ரப்பர் முனை. இதைப் படிக்கும்போது உனக்கு முகம் சுருங்கும் என்று எனக்குத் தெரியும், சுருங்கட்டும். பெட்டியில் மூன்று அளவில் ரப்பர் இருக்கும். ஏஎன்சி, சிப்பு, ஆப்பு எல்லாம் அப்புறம். ரப்பர் காதுத் துளையில் சரியாக அடைத்து உட்காராவிட்டால் மற்றதெல்லாம் தண்டம். உன் வலது காதுத் துளை இடதைவிடக் குறுகல். இது எனக்கு எப்படித் தெரியும்? நீ நடக்கப் பழகிய வயதில் அந்தக் காதில் சீழ் வைத்து அழுதாய். மலையிலிருந்து ஆலங்காயம் இறங்குகிற பஸ்ஸில் எஞ்சின் உறுமுகிற ஒவ்வொரு வளைவிலும் நீ வீரிட்டாய். உன் அம்மா உள்ளங்கையைக் குவித்து அந்தக் காதை மூடிக்கொண்டாள். கம்பியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை, அதனால் முதுகை சீட்டில் முட்டுக்கொடுத்து, வளைவுக்கு வளைவு இடித்துக்கொண்டே வந்தாள். நீ தூங்கிவிட்டாய். டாக்டர் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கம் துளை சின்னதும்மா" என்றார். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான், நீ முன்பு வாங்கிய கறுப்பு இயர்போனைப் பெட்டியிலிருந்து பிரித்த அன்றே நான் சொன்னேன், வலது காதுக்குச் சின்ன ரப்பரை மாட்டு என்று. "எல்லாம் கரீக்டா கீதுப்பா, வுடுப்பா" என்றாய். மற்ற ரப்பர்கள் பெட்டியிலேயே கிடந்தன.

இனி, நீ அடிபட்ட புளியமரத்தடிக்கு வருகிறேன். மலைக்குக் கீழே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், உனக்குத் தெரிந்ததுதான். புளி உலுக்க ஏறுகிறவன் ஒரு கிளையில் கால் வைப்பதற்கு முன்னால் "கீய யாரு?" என்று குரல் கொடுப்பான். கீழே பொறுக்குகிறவர்கள் கிளைக்கு வெளியே நகர்ந்து நின்று, ஒவ்வொருவரும் அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரு குரல் குறைந்தாலும் மேலே இருக்கிறவன் கிளையை அசைக்க மாட்டான். பழத்தோடு பட்டுப்போன கொம்பும் முறிந்து விழும் என்பதால் வந்த ஏற்பாடு இது. மைக்கும் இல்லை, சிப்பும் இல்லை, ஆனால் எங்கள் கம்பெனியின் பாதுகாப்பு விதிகள் எல்லாவற்றையும்விட உருப்படியான விதி.

இந்த வருஷம் முதல் மரத்திலிருந்தே உன் குரல் வரவில்லை. காதில் அடைப்பு. உன் மாமன் மேலிருந்து கேட்டதையே கேட்பான். உன் அம்மா உன் முதுகில் தட்டி நகர்த்திக்கொண்டு போய், "நானும் புள்ளயும் நவுந்துட்டோம், உலுக்குண்ணா!" என்பாள். "உம்புள்ள இன்னா ஊமையா? வாயத் தொறந்தா புளி உள்ள பூந்துக்குமா?" என்பான் உன் மாமன். "அவன் பாட்டு கேக்கறான், நீ உன் வேலயப் பாரு" என்பாள். கீழே எல்லாரும் சிரிப்பார்கள், நானும் மூட்டை கட்டிக்கொண்டே சிரிப்பேன். நீ சிரித்ததில்லை. உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றே உனக்குத் தெரியாது. மரத்துக்கு மரம் இப்படியே, ஒருவர் வாயால் சொல்ல வேண்டிய பதிலை இன்னொருவர் சொல்வது அவளுக்கும் உனக்கும் பழகிப்போனது.

அன்றும் அவள் உன்னைத் தட்டினாள், நீயும் எழுந்து நகர்ந்தாய். நான் பார்த்தேன். பழம் விழ விரித்திருந்த படுதாவின் ஓரத்தைத் தாண்டி ரெண்டு பேரும் நின்றீர்கள். அவள் உனக்கும் சேர்த்துப் பதில் சொன்னாள். உன் மாமன் கிளையில் கால் வைத்தான். அந்த நேரம் உன் வலது காதிலிருந்து அந்தப் பொருந்தாத ரப்பர் நழுவி, இயர்போன் படுதாவில் விழுந்து உருண்டது. நீ திரும்பினாய். குனிந்துகொண்டே கிளைக்கு அடியில் போனாய். உன் அம்மா "டே தம்பி, வாடா! வாடா இந்தாண்ட!" என்று கத்தினாள். இந்தப் பக்கத்திலிருந்து நானும் கத்தினேன். இடது காதில் அடைத்திருந்த ரப்பரும், நீ ஏற்றி வைத்திருந்த பாட்டும் எங்கள் ரெண்டு குரலையும் சாப்பிட்டுவிட்டன. உன் மாமன் உலுக்கியதில் முறிந்த பட்ட கொம்பு உன் தலையை உரசி, தோளில் விழுந்து, உன்னைக் குப்புறத் தள்ளியது. கொஞ்சம் உள்ளே தள்ளி விழுந்திருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியிருந்திருக்காது.

உன் மாமன் மரத்திலிருந்து எப்படி இறங்கினான் என்றே எனக்குத் தெரியவில்லை, கையெல்லாம் சிராய்ப்பு. உன்னைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிட்டான். "மாப்ள, அந்தக் கருமம் புடிச்ச மெஷினத் தூக்கி அடுப்புல போடு. அதாலதான் இம்மாம் வெனை." இன்றுவரை அதையே சொல்கிறான். நானும் அவனிடம் சண்டை போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். மெஷின் என்ன செய்தது? நகர்ந்து நின்றபோது அதைக் கழற்றிப் பையில் போட்டிருந்தால் மெஷின் வேண்டாம் என்றா சொல்லியிருக்கும்? ரப்பரை மாற்றாதது மெஷினா? விழுந்ததை எடுக்கத் திரும்பிப் போனது மெஷினா? அதை அடுப்பில் போட்டால் எல்லாருக்கும் மனசு ஆறிவிடும், உனக்குத்தான் ரொம்ப ஆறும். நான் போட மாட்டேன்.

இதுவரை நடந்ததற்கு எனக்கு உன் மேல் கோபம் இல்லை. அவசரம், அலட்சியம், வயசு. யாருக்கும் நடக்கும். என் கோபம் அதற்குப் பிறகு தொடங்கியது. கீழே ஆஸ்பத்திரியில் தையல் போட வந்த நர்ஸ், "எப்பிடிப்பா அடிபட்டுது?" என்று கேட்டாள். நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள். உன் அம்மா உன் ரத்தம் பட்ட புடவையோடு கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீ சொன்னாய், "அம்மாதான் உலுக்கச் சொன்னாங்க." நர்ஸ் திரும்பி அவளைப் பார்த்தாள். "இன்னாம்மா நீ, பாத்து சொல்லக் கூடாதா?" உன் அம்மா, "ஆமாங்க. நாந்தாங்க சொன்னேன்" என்றாள். நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாய்.

நீ சொன்னது பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். டவரில் நான் ரெண்டு இடத்தில் கரண்ட் அளவெடுத்து ஒன்றை மட்டும் எழுதிவைத்தால், எழுதியது சரியான எண்ணாகவே இருக்கும், ஆனால் அதை நம்பி ஏறுகிறவன் செத்துப்போவான். நீ பாதியைச் சொன்னாய். அவள் பதில் சொன்ன பிறகு நீ திரும்பிப் போனதை விழுங்கிவிட்டாய். அவள் உனக்காகப் பதில் சொல்ல வேண்டிய நிலைமை ஏன் வந்தது என்பதையும் சேர்த்து விழுங்கிவிட்டாய். வலியில் உளறினாய் என்று முதலில் நானே உனக்காகப் பேசினேன். அதற்குப் பிறகு வீட்டில் படுத்துக் கிடந்தாய், அவள் ஊட்டிவிட்ட கஞ்சியைக் குடித்தாய், தையல் பிரித்தாய், பெட்டி கட்டினாய். மீதிப் பாதி உன் வாயிலிருந்து வரவே இல்லை.

இங்கே என்ன ஆகியிருக்கிறது என்று உனக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உன் அம்மாவின் குரலை நீ அறிவாய். நம் சாமைக் கொல்லையில் நின்று அவள் கூப்பிட்டால் டவர் மேலே இருக்கிற எனக்கு விழும். கீழே வேலை செய்கிற பசங்கள், "அண்ணே, அண்ணி கூப்புடறாங்க, சிக்னல் ஃபுல்லு" என்று கேலி செய்வார்கள். இப்போது அவள் யாரையும் கூப்பிடுவதில்லை. சோறு ஆகிவிட்டது என்று சொல்ல, பாதை முழுக்க நடந்து வந்து என் பக்கத்தில் நின்று சொல்கிறாள். ஓடையோரத்துப் பெரிய மரம் இன்னும் உலுக்காமல் நிற்கிறது. உன் மாமன், "எந்தங்கச்சி கீய நின்னு கொரலு குடுத்தாத்தான் ஏறுவேன்" என்கிறான். அவள் மரத்தடிக்கே வர மாட்டேன் என்கிறாள். கோடை மழை ஒன்று விழுந்தால் பழம் கறுத்துப்போகும். நடந்ததை நான் பார்த்தபடி எத்தனை முறை சொன்னாலும், "நீங்க சமாதானத்துக்குச் சொல்றீங்க. அவன் வாயால அப்பிடித்தான் சொன்னான். அவன் பதிலை நான் சொல்லியிருக்கக் கூடாது" என்கிறாள். நீ தேடுகிற கருவி எதுவும் செய்யாததை உன் ஒரு வரி செய்துவிட்டது. ஒரு மனுஷியின் குரலையே நிறுத்திவிட்டது.

உன் வேலைக்கும் ஒரு வார்த்தை. நீ பிரஸ் ஷாப்பில் நிற்கிறாய். அங்கே தகட்டில் விழுகிற ஒவ்வொரு அடியும் திடீர்ச் சத்தம். ஏஎன்சி இயர்போன் அதற்குக் காப்பு இல்லை, யார் சொன்னாலும் நம்பாதே. கம்பெனி கொடுக்கிற இயர்மஃபைக் கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிடாமல் காதில் போடு. டவர் ஜெனரேட்டர் பக்கத்தில் வெறுங்காதோடு நின்ற எனக்கு இடது காதில் விடாமல் ஒரு விசில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எந்தக் கம்பெனியின் கருவியாலும் நிறுத்த முடியாது. மெஷின் அருகில் ஒருவன் சைகை காட்டினால் கண்ணால் பார், நீயே பதில் சைகை காட்டு. பக்கத்தில் நிற்கிறவன் உனக்காகக் காட்டுவான் என்று இருக்காதே. ரோட்டைக் கடக்கும்போது ரெண்டு காதும் திறந்திருக்கட்டும். பைக்கில் இயர்போனோடு உன்னைப் பார்த்ததாக எவன் சொன்னாலும் அடுத்த பஸ்ஸில் ஏறி அங்கேயே வந்து நாலு பேர் முன்னால் அதைக் கழற்றுவேன்.

எந்த இயர்போன் என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. சொன்ன விவரம் போதும், நீ முட்டாள் இல்லை. மரத்தடியில் விழுந்த உன் பழைய இயர்போனைச் சருகில் தேடி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன், வேலை செய்கிறது. வலது பக்கத்துக்குச் சின்ன ரப்பரும் மாட்டிவிட்டேன். அனுப்புவேன், இப்போது இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு. காலையில் போன் போடு, உன் அம்மாவின் போனுக்கு. மெசேஜ் வேண்டாம். சிக்னல் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதே, அந்த டவரைப் பார்த்துக்கொள்கிறவன் நான். அவள் எடுத்தாலும் பேச மாட்டாள், நீதான் முதலில் பேச வேண்டும். "நான் நவுந்துட்டுத் திரும்பிப் போனேம்மா" என்று சொல். சுற்றி வளைக்காதே, அழாதே, மன்னிப்பு என்கிற பெரிய வார்த்தையெல்லாம் தேடாதே. நடந்ததை நடந்தபடி சொல். அதற்குப் பிறகு போனை வைத்துவிடாதே, அவளை ஓடையோரத்து மரத்துக்கு நான் அழைத்துப் போவேன். போனை ஸ்பீக்கரில் போட்டு அவள் கையிலேயே கொடுப்பேன். சொந்தக்காரர்களும் இருப்பார்கள், அதையே இன்னொரு தடவை சொல், அவர்களுக்கும் கேட்கட்டும். உன் மாமன் மேலே ஏறி, "கீய யாரு?" என்பான். உன் அம்மா அவளுக்காக மட்டும்தான் பதில் சொல்வாள். நீ இருக்கிறாயா இல்லையா என்பதை நீதான் சொல்ல வேண்டும். உன் குரல் வரும்வரை அந்தக் கிளையை யாரும் உலுக்க மாட்டோம்.